துண்டுக்குள்ள கை

ஏங்கண்ணு, தேர் நோம்பிக்கு ஊருக்கு வந்தவன் தேரைப் பார்க்காம, மொட்டை மாடியில சீட்டைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறயே, சாமி கோவிச்சுக்காதா? அது கெடக்குது. அவிநாசியப்பர் எத்தனையோ சூதாடியைப் பார்த்தவரு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி பதினோரு மணிக்கு, அதுவும் கரண்டு போன நேரத்துல, உன்ற கூட்டாளி ஒருத்தன் கருப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருந்தானே, அவன் கண்ணு ஆபரேசன் முடிஞ்சு நேரா இங்க வந்துட்டானா? உங்க அமுச்சி பாவம், சொட்டு மருந்து ஊத்தோணுமான்னு கேட்டுட்டு வரச் சொல்லித்தான் என்னை மாடிக்கே ஏத்தி உட்டா.

"கண்ணைப் பார்த்துக் கையில என்ன சீட்டுன்னு கண்டுபிடிச்சிருவாங்க அப்பச்சி, அதுக்குத்தான் கண்ணாடி"ன்னு சொன்னே. சரி. அப்பறம் நீ என்னத்துக்கு அந்தக் கண்ணாடியவே மொறைச்சு மொறைச்சுப் பார்த்தே? அதுல உன்ற மூஞ்சிதானே தெரிஞ்சிருக்கும்? பயந்துபோன மூஞ்சி ஒண்ணைப் பார்த்துட்டு, ஐயோ பாவம்னு சீட்டைக் கீழ வெச்சுட்டியாட்ட இருக்குது.

நல்லவேளை, புளியங்கொட்டை வெச்சு ஆடுனீங்க. தோத்தது போனாலும் உங்க அமுச்சி காலையில கூட்டி அள்ளிக்குவா.

இப்படி உக்காரு. அந்தப் போனை அக்கட்ட வையி. நான் நாப்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன். புளியம்பட்டிச் சந்தை, கண்ணபுரம் தேர்ச் சந்தை, அந்தியூர் ஆடிச் சந்தைன்னு சுத்தாத எடமில்ல. உன்ற போக்கரு எனக்கு நேத்துத்தான் தெரியும். ஆளுக்கு ரெண்டு சீட்டு கமுத்தி, நடுவுல அஞ்சு சீட்டு எல்லாத்துக்கும் பொதுவா தெறந்து. மொதல்ல மூணு, அப்பறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. ஏழுல நல்லதா அஞ்சு சேர்த்தா அது உன்ற கை. அவ்வளவுதானே? எதிராளி கை மூடி இருக்கும், அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு நீ மனசுல எட்டிப் பார்க்கோணும். அட, அதுதான்டா என்ற தொழிலு! நீ சீட்டைக் கைங்கறே, நாங்க நெசமான கையவே பிடிச்சுப் பார்த்தவங்க.

நேத்து நீ கீழ வெச்ச கையை எடுத்துக்கலாம். உனக்கு ஏஸும் ராணியும். நடுவுல விழுந்தது ஏஸு, ஒம்பது, ஆறு. அடுத்தது மூணு. கடைசியா நாயும் சீண்டாத இன்னொரு மூணு. ஒரே சாதியில மூணு சேரல. (சீட்டுல மட்டும் நான் சாதி பார்ப்பேன், உங்க அமுச்சிகிட்டச் சொல்லிராதே.) எதிர்ல அந்தக் கருப்புக் கண்ணாடிச் சேவூர்ப் பையன். ஆரம்பத்துலயே ஏத்துனான். மூணு சீட்டு விழுந்ததும் கொஞ்சம் போட்டான். நாலாவது சீட்டுக்குத் தரையைத் தட்டிட்டு சும்மா உட்டுட்டான். கடைசி மூணு விழுந்ததும் திடீர்னு 40 கொட்டையை அள்ளி வெச்சான். நடுவுல ஏற்கெனவே 60 கெடந்துச்சு. நீ ரெண்டு நிமிசம் அவன் மூக்கைப் பார்த்தே, பெருமூச்சு உட்டே, "உங்கிட்ட ஏஸ் சோடி இருக்குது மச்சி"ன்னு சொல்லிக் கீழ வெச்சே. நான் படியில நின்னு சிரிச்சது உனக்குக் கேட்டிருக்காது.

ஏண்டா சாமி, ஏஸு மொத்தம் நாலு. உன் கையில ஒண்ணு, தரையில ஒண்ணு. மிச்சம் ரெண்டு. ரெண்டு ஏஸை வெச்சு எத்தனை சோடி கட்டலாம்? ஒண்ணே ஒண்ணு. உனக்குத் தெரிஞ்ச ஏழு சீட்டு போக மிச்சம் 45 சீட்டு. அதுல ரெண்டு ரெண்டாக் கட்டினா 990 சோடி வருது. அந்த 990ல ஒரே ஒரு சோடியை நீ கண்ணை மூடிப் பொறுக்கி, அதுதான் அவன் கையில இருக்குதுன்னு சொல்லிக் கீழ வெச்சுட்டே. இதைப் படிக்கறதுன்னா சொல்லுவாங்க? கிளி ஜோசியக்காரன் கிளிகூட ஏழெட்டுச் சீட்டைத் தள்ளிப் போட்டுட்டுத்தான் ஒண்ணை எடுக்கும்.

சந்தைக்குள்ள நுழையறப்பவே "இன்னைக்கு நெத்திச் சுட்டி மயிலைப் பசுதான்"னு மனசுல கட்டிட்டுப் போறவனை நான் பார்த்திருக்கறேன். அவனுக்கு எருமையைக் காட்டினாலும் நெத்தியில சுட்டி தெரியும். அப்படிப் போகக் கூடாது. மொதல்ல எல்லாத்தையும் உள்ள உடு. அப்பறம் ஒவ்வொண்ணா வெளிய தள்ளு.

எண்ணிப் பார்க்கலாம், கொட்டையை எடு. ஆரம்பத்துல ஏத்துனான், அதனால ரெண்டு-ஏழு மாதிரிக் குப்பை போச்சு. உன்னை அடிக்கற கை எது? அந்த ஏஸ் சோடி 1. ஒம்பது சோடி 3, ஆறு சோடி 3. தரையில ஒண்ணொண்ணு கெடக்கறதால மிச்சம் மூணு மூணு சீட்டுத்தான், சோடியும் மூணுதான் கட்டலாம். ஏஸும் ராசாவும் 8. ஏஸும் ஒம்பதும் 6. ஆகமொத்தம் 21. சரி, நீ அடிக்கற கை? ஏஸும் ஜாக்கியும் 8, ஏஸும் பத்தும் 8. ராசா சோடி 6, ஜாக்கி சோடி 6, பத்துச் சோடி 6. ராணி சோடி மட்டும் 3, ஏன்னா ஒரு ராணி உன்ற மடியில உக்காந்திருக்கறா. மொத்தம் 37. இன்னும் சில்லறைக் கை ரெண்டு பக்கமும் கெடக்குது, அதை உடு.

இந்த 37ம் கடைசியில 40 கொட்டையை அள்ளி வெக்குமான்னா, வெக்காது. பாதி பம்மிக்கும். அதனாலதான் அவன் நடந்துக்கிட்டதை வெச்சு மறுபடியும் சலிக்கோணும். இங்கதான் அந்த நாலாவது சீட்டு. ஒம்பதோ ஆறோ மூணு சேர்ந்து கையில வெச்சிருக்கறவன், எதிர்ல உன்னாட்ட ஏஸைக் கட்டிப் பிடிச்சிருக்கற ஆளைப் பார்த்துட்டுச் சும்மா தரையைத் தட்டிட்டு இருப்பானா? கறவை மாட்டுக்கு நடுவுல ஒரு வேளை தண்ணி காட்டாம எவனாச்சும் உடுவானா? சில பேரு உடுவான், கள்ளன். ஆனா பெரும்பாலும் உட மாட்டான். அதனால அந்தப் பெரிய கைகளைப் பாதியாக் கொறைச்சுக்கோ. மறுபடியும் கணக்குப் பாரு. நீ 40 போட்டா எடுக்கப் போறது 100. ஏழு தடவை இதே மாதிரி போட்டு, அஞ்சு தடவை தோத்து ரெண்டு தடவை செயிச்சாலே அசல் வந்துரும். ஏழுக்கு ரெண்டு, அவ்வளவு போதும்! இதுக்கு அவன் மூக்கைப் பார்க்கோணுமா?

அட, நான் பள்ளிக்கூடம் எட்டாப்புத்தான். எப்படி இவ்வளவு கணக்குன்னு பார்க்கறயா? தரகனுக்குக் கணக்கு வராட்டி மாடே அவனை வித்துப்போடும்.

இன்னொண்ணு கேளு. ஒருத்தன் சொல்றது ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா நெசமாட்டத்தான் இருக்கும். ஒட்டுக்காச் சேர்த்துப் பார்த்தாத்தான் பல்லிளிக்கும். ஒருக்கா ஒருத்தன் கெடாரியாட்டப் பளபளன்னு ஒரு பசுவைக் கொண்டாந்தான். வாயைப் பிளந்து காட்டினான், நாலு பல்லு. நெசம். கன்னுக்குட்டி காலடியில நிக்குது. நெசம். "மூணாம் ஈத்துங்க"ன்னான். அங்கதான் மாட்டினான். நாலு பல்லுன்னா மாட்டுக்கு மூணு வயசு அக்கம்பக்கம். மூணு வயசுல மூணு ஈத்தா? அப்படின்னா அது மாடில்ல, முசலு. பல்லு ஒரு கதை சொல்லுது, வாய் இன்னொரு கதை சொல்லுது. நான் ஒண்ணும் சொல்லல, "அப்படீங்களா, நல்ல ராசியான மாடுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். உன்ற சேவூரான் சொன்ன கதையும் அதுதான். ஆரம்பத்துல பெரிய கை, நடுவுல சின்னக் கை, கடைசியில மறுபடியும் பெரிய கை. மூணாம் நம்பர்ச் சீட்டு ஒண்ணு விழுந்ததும் அவனுக்கு என்னடா திடீர்னு சீமந்தம்? நீ இதுக்கு ப்ளஃப்ங்கறே, நான் புளுகுங்கறேன். இங்கிலீசுக்காரன் நம்மகிட்டயிருந்து கடன் வாங்கிட்டு உச்சரிப்பைக் கெடுத்துட்டானோ என்னமோ.

மூஞ்சி பார்க்கறது வேண்டவே வேண்டாங்கறீங்களான்னு கேக்கறே. பார்க்கலாம். கடைசியாப் பார்க்கோணும். அதுல நான் பட்ட பாட்டைச் சொல்றேன்.

துண்டு போட்டு விலை பேசறது உனக்குத் தெரியுமல்லோ? தோள்ல கெடக்கற துண்டை ரெண்டு கை மேல போர்த்திக்கிட்டு, உள்ளே விரலைப் பிடிச்சுப் பேசறது. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, அஞ்சையும் பிடிச்சா அஞ்சு. நூறா ஆயிரமான்னு மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுத்தி நிக்கறவனுக்குத் துண்டு ஆடறதுதான் தெரியும், விலை தெரியாது. இதே மாட்டுக்குப் பக்கத்துல ஒருத்தன் வேற விலை பேசிட்டு இருப்பான். வாய் பாட்டுக்கு "மழை இல்லீங்க, தீவனம் இல்லீங்க"ன்னு பேசும். விரல் பாட்டுக்கு வியாபாரம் நடக்கும். அந்த உள்ளங்கை இருக்குதே கண்ணு, அதுல ஒரு ஊரே எழுதியிருக்கும். சட்டுன்னு வேர்க்கும். நம்ம விலையைக் கேட்டதும் வெடுக்குன்னு உருவிக்கும், ஆனா உருவுன கை துண்டை உட்டு வெளிய போகாது. போகாட்டி வியாபாரம் முடியும்னு அர்த்தம். இதையெல்லாம் நான் கரைச்சுக் குடிச்சவன்னு ஒரு திமிரு எனக்கு.

ஒரு நாள் பல்லடம் பக்கமிருந்து பெரியவர் ஒருத்தர் ஒரு சோடிக் காளை கொண்டாந்தாரு. துண்டுக்குள்ள கையை உட்டா, அவரு கை கிடுகிடுன்னு நடுங்குது. சரி, மனுசனுக்குக் காசு முடை, பொண்ணு கல்யாணமோ பேங்கு நோட்டீசோ, இன்னைக்கே வித்தாகோணும்னு முடிவு கட்டிட்டேன். ரெண்டு விரல் கொறைச்சேன். நடுக்கம் நிக்கல. இன்னும் ஒண்ணு கொறைச்சேன். அப்பவும் நடுங்குது. உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குஷி. அவரு மெதுவா கையை எடுத்துட்டு, காளையை ஓட்டிட்டுப் போய், நாலு எட்டு தள்ளி வேற தரகன்கிட்ட நான் மொதல்ல சொன்னதுக்கும் மேல ஒரு விரலுக்கு வித்துட்டாரு. அப்பறம் டீக்கடையில பார்த்தேன், டம்ளரு பிடிச்ச கையும் அதே நடுக்கம். வாதம்! பத்து வருசமா நடுங்கற கை. நான் அவரு கையைப் படிச்சேன்னு நெனைச்சேன், அவரு வியாதியைப் படிச்சிருக்கறேன்.

அதனால சொல்றேன், நடுங்கறவனைப் பார்த்தா மொதல்ல அவன் டீ குடிக்கறதைப் பாரு. சும்மா இருக்கறப்ப எப்படி இருக்கறான்னு தெரியாம, சீட்டு எடுத்தப்ப எப்படி இருந்தான்னு சொல்றதுல என்ன இருக்குது? அந்தச் சேவூரான் மொகம் இறுக்கமா இருந்துச்சுங்கறே. அவன் தொட்டில்ல கெடந்தப்பவே நான் பார்த்திருக்கறேன், அப்பவே ரெவின்யூ ஆபீசராட்டத்தான் இருந்தான்.

நீதான் ஒருக்கா சொன்னே, 1984லயே மைக் காரோன்னு ஒரு அமெரிக்காக்காரரு இந்த மூஞ்சிக் குறி, கைக் குறிக்கெல்லாம் படத்தோட பொஸ்தகம் போட்டுட்டாருன்னு. பலம் இல்லாதவன் பலசாலியாட்ட நடிப்பான், பலம் இருக்கறவன் சோப்ளாங்கியாட்ட நடிப்பான்னு அதுல இருக்குதாம். நல்ல பொஸ்தகம். ஆனா ஒண்ணு, உன்ற கூட்டாளிக நாலு பேரும் அதைப் படிச்சிருக்கறாங்கல்லோ? அப்ப அவங்க நடிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? இன்னொண்ணும் நீயே சொன்னே. 2017ல பிட்ஸ்பர்க்குல கார்னகி மெலன் காலேஜுக்காரங்க லிப்ராட்டஸ்னு ஒரு கம்ப்யூட்டரைச் செஞ்சு, பேரு பெத்த நாலு ஆட்டக்காரங்களோட ஒண்ணுக்கு ஒண்ணா 1,20,000 கை ஆட உட்டாங்க, அது மண்ணைக் கவ்வ வெச்சிருச்சுன்னு. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருந்துச்சா? கருப்புக் கண்ணாடி போட்டிருந்துச்சா? அது எவன் மூக்கைப் பார்த்துச்சு? போட்டது எவ்வளவு, எப்பப் போட்டான், அப்ப என்னென்ன கை மிச்சம் இருக்கும்... இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. நம்ம புளியம்பட்டித் தரகனாட்டமே, துண்டு மட்டும் இல்ல.

சரி, இப்ப உனக்குக் கசக்கற சங்கதி. கோவிச்சுக்கப்படாது.

நேத்து ராத்திரி பெரிசா எவன் ஏத்துனாலும் நீ கீழ வெச்சே. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன், மூணு தடவை. மூணாந்தடவை சேவூரான் வாயோரமாச் சிரிச்சதையும் பார்த்தேன். நாலாவது தடவைதான் இந்த 40 கொட்டை. அவன் சீட்டைப் பார்த்து ஏத்தல கண்ணு, உன்னைப் பார்த்து ஏத்துனான். நீ அவன் கையைப் படிச்சுட்டு இருக்கற நேரத்துல, அவன் உன்ற கையை எப்பவோ படிச்சு முடிச்சு, பொஸ்தகத்தை மூடி வெச்சுட்டு, சுண்டல் தின்னுட்டு இருக்கறான். நல்ல சீட்டு வந்தா நீ முதுகை நிமித்தி உக்கார்றே. சுமார்ச் சீட்டுன்னா போனை எடுத்து மணி பார்க்கறே. ஒண்ணுமே இல்லாட்டி "அப்பச்சி, தண்ணி"ங்கறே. மூணு மணி நேரத்துல நான் ஏழு தடவை தண்ணி கொண்டாந்தேன்டா, எனக்கே உன்ற சீட்டு தெரிஞ்சு போச்சு!

இதுல எனக்குப் பெருமை பேசவும் வாயில்ல. உங்க அமுச்சி என்ற கையைப் பார்க்கவே மாட்டா. சந்தையிலிருந்து வந்து வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தத்துலயே லாபமா நட்டமான்னு சொல்லிருவா. ஒருக்கா வேணும்னே மெதுவாக் கழட்டிப் பார்த்தேன். "எவ்வளவு போச்சு?"ன்னு அடுப்படியிலிருந்தே கேட்டா.

ரம்மியாவது வயசானவனுக்கு ஏத்த ஆட்டம். தெக்கலூர்ல ஒரு ரைஸ்மில் திண்ணையில மத்தியான நேரம் நாங்க ஆடுவோம். அங்க எதிராளி கை பாதி தெறந்த கைதான். டைமண்டு ஏழை எடுத்தானா, அஞ்சு-ஆறோ, ஆறு-எட்டோ, எட்டு-ஒம்பதோ வெச்சிருக்கறான், இல்லாட்டி ஏழையே சேர்க்கறான். அந்தப் பக்கத்துச் சீட்டெல்லாம் அன்னையிலிருந்து நம்ம கையில அடைக்கலம். மொத ரெண்டு சுத்துலயே ராசாவை எறிஞ்சானா, அந்தப் பக்கம் அவனுக்கு வேலையில்ல. ஆனா ஒம்பதை எறிஞ்சுட்டு, பத்தை நீ எறியறயான்னு காத்துட்டு இருக்கற தூண்டில்காரனும் உண்டு. ரெண்டு கட்டுச் சீட்டுங்கறதால ஒரே சீட்டு ரெண்டு தடவை வரும், அதையும் மறக்கப்படாது. 1967லயே சுப்ரீம் கோர்ட்டு, சிகந்தராபாத்துக் கிளப்பு ஒண்ணோட கேசுல இதைச் சொல்லிருச்சு. விழுற சீட்டை ஞாபகம் வெச்சுக்கோணும், எதை வெச்சுக்கறது எதை எறியறதுன்னு பார்க்கோணும், அதனால ரம்மி பெரும்பாலும் திறமைன்னு. மூணு சீட்டைப் பக்கத்துலயே சேர்க்கல, அது வெறும் அதிர்ஷ்டம்னு தள்ளிருச்சு.

அதுக்கப்பறம் பாரு, 2022ல நம்ம சட்டசபை மசோதா போட்டு, 2023 ஏப்ரல்ல சட்டமாக்கி, ஆன்லைன் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல்ல வெச்சாங்க. அந்த நவம்பர்லயே ஹைகோர்ட்டு அந்தப் பட்டியல் செல்லாதுன்னுச்சு. 2025 ஆகஸ்டுல டெல்லிக்காரங்க, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டற ஆன்லைன் ஆட்டமே கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டுட்டாங்க. திறமை ஆட்டம்னு கோர்ட்டு சொல்லுச்சு, வாஸ்தவம். ஆனா எவன் திறமைன்னு சொல்லல. உன்ற திறமைன்னு நீயா எடுத்துக்கிட்டே. போன வருசம் ரெண்டு மாசச் சம்பளம் எங்க போச்சுன்னு உங்கம்மா என்கிட்டக் கேட்டப்ப, "பையன் சரவணம்பட்டியில ரூம் மாத்தியிருப்பான்"னு சொல்லிக் காப்பாத்துனவன் நான். அந்தப் போன்ல எதிர்ல உக்காந்திருக்கறது மனுசனா மிசினான்னே தெரியாது, நீ ஆரு கையைப் படிப்பே? முதலை முழுங்குன பையனைச் சுந்தரர் பாடி வரவழைச்ச ஊரு இது. தாமரைக்குளத்துப் பக்கம் போய் நின்னு நீயும் பாடிப் பாரு. போன் முழுங்குன காசு வருதான்னு பார்க்கலாம். உன்ற கொரலுக்கு முதலை இன்னும் கொஞ்சம் உள்ளதான் போகும்.

என்னது? சேவூரான் கையில நெசமாவே என்ன இருந்துச்சா?

அதை அவன் கமுத்தித்தானே போட்டான். எனக்கெப்படித் தெரியும்... சரி சரி, மொறைக்காதே. ஏழாவது தடவை தண்ணி கொண்டாந்தப்ப அவன் பின்னாலதான் வந்தேன். கரண்டு போன இருட்டுல கருப்புக் கண்ணாடி போட்டவன் மட்டும்தான் சீட்டை மூஞ்சிக்கிட்டக் கொண்டுபோய், போன் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு இருந்தான். கண்ணாடி போட்டா அடுத்தவனுக்கு நம்ம கண்ணு தெரியாது, நமக்கு நம்ம சீட்டே தெரியாது.

ரெண்டு சீட்டையும் பார்த்தேன். வாயால சொன்னா தரகனுக்கு அழகில்ல. உங்க அமுச்சி வேற தாவாரத்துல காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கறா. அந்தத் துண்டை எடு. ஆ, அப்படி, கை மேல போர்த்து. இக்கட்ட வா. கையை உள்ள உடு, சொல்றேன். ஏண்டா, உன்ற கை ஏன் இப்படி வேர்க்குது?